பத்துக் கட்டத்தையும் நிரப்பத்தான் வேண்டுமா? அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மதிப்பெண்ணும் மற்ற செயல்பாடுகளும்

"மார்க் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஆக்டிவிட்டி நிறைய இருக்கிறது. இடம் கிடைக்குமா?" பிள்ளையை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அடுத்த வீட்டில் இதையே திருப்பிப் போட்டுக் கேட்பார்கள்: "எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு. வெளியே எதுவும் செய்ததில்லை. பரவாயில்லையா?"

இரண்டு பேர் மனதிலும் இருப்பது ஒரே தராசு. ஒரு தட்டில் குறைந்தால் மற்ற தட்டில் கொஞ்சம் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பு. கடும் போட்டியுள்ள பல்கலைக்கழகங்களில் அந்தத் தராசே கிடையாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், தனித்தனியாக எடை போடுகிறார்கள்.

இது ஊகமில்லை. ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிரான வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது உள்வேலைகள் பலவும் வெளியே வந்தன. (2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கைக்குத் தடை போட்டதே, அதே வழக்குதான்.) ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகள், விளையாட்டு, தனிப்பட்ட குணம் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பீடு போடுகிறார்கள், 1தான் உச்சம். 2015இல் சேர்ந்த வகுப்புக்கு விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களில் 8,000க்கும் மேற்பட்டோரிடம் குறையே இல்லாத கிரேடு இருந்தது. அந்த ஆண்டு அனுமதி கிடைத்ததோ மொத்தம் சுமார் 2,000 பேருக்கு. முழு மதிப்பெண் மட்டும் வைத்திருப்பவர்களைக் கொண்டே வகுப்பை நான்கு முறை நிரப்பிவிடலாம். ஆகவே மதிப்பெண் இல்லாமல் முடியாது, மதிப்பெண்ணால் மட்டும் முடிவதுமில்லை. சரி, என்ன செய்வது? வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: அந்தக் கல்லூரியையே கேளுங்கள்

எந்தக் கல்லூரி எதைப் பெரிதாக நினைக்கிறது என்று ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இதைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற அட்டவணைக்குப் போங்கள். பாடங்களின் கடினம், கிரேடு, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள், சமூகப் பணி, சம்பள வேலை அனுபவம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'கருத்தில் கொள்ளப்படும்', 'பார்ப்பதில்லை' என்ற நான்கில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். சில கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் 'கருத்தில் கொள்ளப்படும்' என்றே போட்டு நழுவிவிடும். அது ஒரு தந்திரம்தான், விட்டுவிடுங்கள். மற்றவை ஓரளவு நேர்மையாகவே சொல்லும்.

அப்படியே சி9க்கும் போங்கள். சேர்ந்த மாணவர்கள் எஸ்ஏடி, ஏசிடி என்ற பொது நுழைவுத் தேர்வுகளில் வாங்கிய மதிப்பெண்கள் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்று அங்கே இருக்கும். தேர்வு மதிப்பெண்ணைக் கொடுப்பது உங்கள் விருப்பம் என்று சொல்லும் கல்லூரியாக இருந்து, உங்கள் மதிப்பெண் அங்கே காட்டியிருக்கும் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தால், அனுப்பாமல் இருப்பது மேல். ஆனால் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எம்ஐடி 2022இல் தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் 2024இல் அதே வழியில் வந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ அந்த மதிப்பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடம் விண்ணப்பித்த அண்ணன் சொன்னதை நம்பாமல், இந்த வருடத்து இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது: கிரேடுகளை அவர்கள் கண்ணால் படியுங்கள்

கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்தே பழகிய நமக்கு மதிப்பெண் என்றால் ஒரே ஒரு எண். அங்கே அப்படி இல்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் எடுத்த பாடங்களும் கிரேடுகளும் உள்ள டிரான்ஸ்கிரிப்டை வரி வரியாகப் படிக்கிறார்கள். முதலில் பார்ப்பது எந்தப் பாடங்களை எடுத்தீர்கள் என்பதை. அப்புறம்தான் அவற்றில் என்ன வாங்கினீர்கள் என்பது.

இதற்கு அவர்களிடம் ஒரு துணை ஆவணம் உண்டு. பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் புரொஃபைல்'. உங்கள் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (கல்லூரித் தரத்திலான கடினமான பாடங்கள்) இருக்கின்றன, கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐந்தே ஏபி பாடங்கள் உள்ள பள்ளியில் நான்கை எடுத்தவரும், இருபது உள்ள பள்ளியில் நான்கை எடுத்தவரும் ஒன்றில்லை. அதோடு, இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று கவுன்சிலரையே ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: பதினோராம் வகுப்புப் பாடத் தேர்வுக்கு முன்னால் கவுன்சிலரிடம் போய், "இதை எடுத்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்கள் வேலை அது.

ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, 4.6 என்று சொல்லிப் பெருமைப்படுவதிலும் பெரிய பயனில்லை. கடினமான பாடத்துக்குப் பள்ளி ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பதால் வரும் எண் அது. பல கல்லூரிகள் அதைக் கழற்றிவிட்டுத் தங்கள் முறையில் மறுபடியும் கணக்குப் போடுகின்றன.

எப்போதும் வரும் அடுத்த கேள்வி: கடினமான பாடத்தில் பி நல்லதா, எளிய பாடத்தில் ஏ நல்லதா? "கடினமான பாடத்தில் ஏ" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் சேர்க்கை அதிகாரிகள் உண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பொய்யில்லை. என் கணக்கு கொஞ்சம் இறங்கி வரும். நான்கு கடினமான பாடங்களில் ஒரு பி வந்தால் கவலைப்படாதீர்கள். மூன்று பி வந்தால் தூக்கிய பாரம் அதிகம் என்று அர்த்தம். அப்போது முதலில் குறைக்க வேண்டியது செயல்பாடுகளை. அதன் பிறகும் மூச்சு வாங்கினால் ஒரு பாடத்தை இறக்கி வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிப் பதினொன்றில் நிமிர்ந்தவரின் டிரான்ஸ்கிரிப்டை அவர்கள் இரக்கத்தோடுதான் படிப்பார்கள். தலைகீழாக இருந்தால்தான் சிக்கல்.

மூன்றாவது: எல்லாவற்றையும் எழுதுங்கள், பிறகு அடியுங்கள்

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. பத்து இருப்பதாலேயே பத்தையும் நிரப்ப வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிடுகிறது. எம்ஐடியின் சொந்த விண்ணப்பத்தில் கேட்பது நான்கே நான்கு. அங்கேயே நான்கு போதும் என்றால் மற்ற இடங்களில் ஐந்தோ ஆறோ போட்டவருக்கு என்ன குறை?

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். கிளப், விளையாட்டு, இசை என்று மட்டும் யோசிக்காதீர்கள். பள்ளி முடிந்ததும் தம்பியை அழைத்து வந்து, சாப்பாடு கொடுத்து, வீட்டுப்பாடம் செய்யவைப்பது. உடம்பு முடியாத பாட்டியைப் பார்த்துக்கொள்வது. கடையில் வாரம் 15 மணி நேரம் வேலை செய்வது. இவை எல்லாமே கணக்கில் உண்டு. காமன் ஆப்பின் வகைப் பட்டியலிலேயே 'குடும்பப் பொறுப்புகள்' என்றும் 'சம்பள வேலை' என்றும் தனித்தனி வகைகள் இருக்கின்றன. ஹார்வர்ட் வழக்கில் வெளிவந்த வழிகாட்டுக் குறிப்பிலும் குடும்பப் பொறுப்பும் பள்ளி நாட்களில் செய்யும் வேலையும் கவனிக்கப்பட வேண்டியவை என்று தனியாகவே குறித்திருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இதைத்தான் மறைக்கிறார்கள். "இதெல்லாம் போய் எழுதுவார்களா?" என்று வெட்கப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று வருடம் அம்மாவின் தையல் வேலைக்குக் கணக்கு எழுதி, வாடிக்கையாளர்களிடம் போனில் பேசி, பாக்கி வசூலித்தவள். படிவத்தில் அதை விட்டுவிட்டு, இரண்டு முறை மட்டுமே போன ஒரு கிளப்பை முதல் கட்டத்தில் போட்டிருந்தாள். மாற்றி எழுத வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், நீங்கள் வந்த பிறகு அங்கே என்ன மாறியது, யாரும் கேட்காவிட்டாலும் இதைச் செய்வீர்களா. மூன்றுக்கும் பதில் இல்லாததை அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பது மூன்றோ நான்கோதான் என்றால் பயப்பட வேண்டாம். நான்கு வருடம் ஓடிய ஒரு வேலை, நான்கு மாதம் ஓடிய எட்டு வேலையைவிடக் கனமாகத் தெரியும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பதினோராம் வகுப்பு முடிவில் திடீரென்று முளைக்கும் அறக்கட்டளைகள். நிறுவனர், தலைவர், ஒரு இணையப் பக்கம், உள்ளே ஆள் இல்லை. வருடத்துக்கு ஆயிரக்கணக்கான படிவங்களைப் படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போகும் கோடைகால வகுப்புகள். பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பதாலேயே அங்கே சேர்க்கையில் சலுகை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பணம் கட்டினால் யாரும் சேரலாம் என்றால் அதில் நிரூபிக்க என்ன இருக்கிறது? மதிப்புள்ளவை வேறு மாதிரி இருக்கும். எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ ஆராய்ச்சி முகாமுக்குக் கட்டணமே கிடையாது. இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

நான்காவது: மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று படிவம் கேட்கும். இதைக் கடைசி இரவில் குத்துமதிப்பாக நிரப்புகிறவர்கள்தான் அதிகம். நிரப்புவதற்கு முன் ஒரு கூட்டல் போடுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு எட்டு என்றால் 56. பள்ளி 35. கடினமான பாடங்கள் எடுத்தவருக்கு வீட்டுப்பாடமும் படிப்பும் நாளுக்கு மூன்று, ஆக 21. சாப்பாடு, குளியல், போக்குவரத்துக்கு இன்னொரு 21. மிச்சம் 35. அதற்குள்தான் நண்பர்கள், போன், சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எல்லாம். இப்போது ஒரு படிவம்: விவாத மேடை 8, ரோபாட்டிக்ஸ் 12, வயலின் 7, கூடைப்பந்து 15, பள்ளிப் பத்திரிகை 6, தன்னார்வப் பணி 5. மொத்தம் 53. இந்தப் பையன் தூங்குவதில்லை, அல்லது உண்மையைச் சொல்லவில்லை. கூடைப்பந்து 12 வாரம் மட்டும், ரோபாட்டிக்ஸ் போட்டி நேரத்தில் மட்டும் என்று வாரங்களைச் சரியாகப் பிரித்துக் காட்டினால் இதே பட்டியல் நம்பும்படி ஆகிவிடும். படிப்பவர் எண்களைக் கூட்டிப் பார்க்க மாட்டார் என்று நினைத்து எழுத வேண்டாம்.

இதே கூட்டலைப் பத்தாம் வகுப்பிலேயே போட்டால் இன்னும் பெரிய பலன் உண்டு. இயற்பியல் தேர்வும் ரோபாட்டிக்ஸ் போட்டியும் ஒரே வாரத்தில் வரும். கட்டாயம் வரும். அந்த வாரத்தில் உட்கார்ந்து எது முக்கியம் என்று முடிவெடுக்க யாராலும் முடியாது. அணிக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அம்மா தேர்வு என்பார். பருவம் தொடங்கும்போதே நாட்காட்டியை விரித்து இரண்டு தேதிகளையும் குறித்து, எந்த வாரத்தில் எதைக் குறைப்பது என்று அணிக்கும் சொல்லிவிடுங்கள். பருவத்தின் பாதியில் கிரேடு இறங்கினால் செயல்பாட்டில் மூன்று மணி நேரத்தை வெட்டுங்கள், முழுதாக விட்டுவிட வேண்டாம். போகாத ஒரு போட்டி எந்தப் படிவத்திலும் தெரியாது. இறங்கிய கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே நிற்கும்.

ஐந்தாவது: 150 எழுத்துக்குள் சொல்லுங்கள்

காமன் ஆப்பில் ஒரு செயல்பாட்டை விவரிக்க இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 150 எழுத்துதான். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. எழுத வேண்டியது ஆங்கிலத்தில். புரிவதற்காக இங்கே தமிழில் காட்டுகிறேன். ஒரு மாணவி முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

"நூலகத்தில் தன்னார்வலராகப் பணியாற்றினேன். இதனால் தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, குழுவாகச் செயல்படும் திறன் ஆகியவற்றை வளர்த்துக்கொண்டேன்."

அவள் அங்கே என்ன செய்தாள் என்று இதிலிருந்து சொல்ல முடியுமா? தலைமைப் பண்பு என்ற சொல் அன்றைக்குச் சேர்க்கை அதிகாரி படித்த எல்லாப் படிவத்திலும் இருந்திருக்கும். இப்போது இது:

"சனிதோறும் 12 சிறுவர்களுக்கு வாசிப்பு. 30 பட அட்டைகள் வரைந்தேன். 3 பேரோடு தொடங்கியது. இப்போது இடமில்லாமல் காத்திருக்கிறார்கள்."

எண் இருக்கிறது, கை வைத்துச் செய்த வேலை இருக்கிறது, நடந்த மாற்றம் இருக்கிறது. 'நான்' என்ற சொல்லுக்குக்கூட இடத்தை வீணாக்கவில்லை. பதவிக்கும் அமைப்பின் பெயருக்கும் தனிக் கட்டங்கள் உண்டு என்பதால் அதை மறுபடியும் விவரணையில் எழுத வேண்டாம். கட்டங்களை முக்கியமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். ஏழாவதைப் படிக்கும்போது யாருக்கும் கண் அயரும். விருதுகளுக்குத் தனியாக ஐந்து இடம் இருப்பதால் அவற்றை இங்கே திணிக்காதீர்கள்.

இல்லாததை எழுதவே கூடாது. 2019இல் பிடிபட்ட சேர்க்கை மோசடியில் விளையாடாத விளையாட்டுக்கு வீரர் என்று போலிக் குறிப்புகள் தயாரித்திருந்தார்கள். பெற்றோர் சிறைக்கே போனார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம், 'துணைத் தலைவர்' என்று நீங்கள் எழுதியதைக் கவுன்சிலரின் கடிதம் 'உறுப்பினர்' என்று சொன்னாலே போதும், கதை முடிந்தது.

ஆறாவது: கட்டுரையும் கடிதமும்

650 சொல்லுக்குள் எழுதும் முதன்மைக் கட்டுரையில் செயல்பாட்டுப் பட்டியலையே விரித்து எழுத வேண்டாம், அதை ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ஒரு பருவத்தில் கிரேடு சரிந்ததற்கு நோய், இடமாற்றம், வீட்டில் ஒரு இழப்பு என்று காரணம் இருந்தால் அதையும் கட்டுரையில் புலம்பாதீர்கள். கூடுதல் தகவலுக்கென்று தனி இடம் இருக்கிறது. நான்கு வரியில் நடந்ததைச் சொல்லி நிறுத்துங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு அதிக மார்க் போட்டவரைவிட, நீங்கள் தட்டுத் தடுமாறி எழுந்ததைப் பார்த்த ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள்.

இடத்துக்கு இடம் விதி மாறும்

மேலே சொன்னது பெரும்பாலும் காமன் ஆப் வழியே போகும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: செயல்பாடும் விருதும் சேர்த்து 20 இடம், எட்டுக் கேள்விகளில் நான்குக்குத் தலா 350 சொல்லுக்குள் பதில், பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கிடையாது. அதே மாநிலத்தின் கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி வளாகங்கள் பெரும்பாலும் கிரேடுகளை வைத்தே முடிவு செய்கின்றன, கட்டுரைகூடக் கேட்பதில்லை. உங்கள் பட்டியலில் இரண்டு வகையும் இருக்கட்டும்.

இங்கிலாந்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறீர்களா? மேலே படித்ததில் பாதியை மறந்துவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கூடைப்பந்து அணித் தலைவர் என்பதில் அக்கறை இல்லை. எடுக்கப்போகும் பாடத்தில் நீங்கள் வகுப்புக்கு வெளியே என்ன படித்தீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. கணிதத்துக்கு விண்ணப்பிப்பவர் போட்ட கணக்குகளுக்கு மதிப்பு, வாசித்த வயலினுக்கு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும்; கடைசி நாள் அக்டோபர் 15. அமெரிக்காவில் முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரியின் முதல் நாட்கள். முன்கூட்டிய சுற்றில் 'எர்லி டிசிஷன்' என்றால் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், 'எர்லி ஆக்‌ஷன்' என்றால் அந்தக் கட்டு இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

நவம்பரில் விண்ணப்பம் போகும்போது அவர்கள் கையில் இருப்பது பதினோராம் வகுப்பு வரையிலான கிரேடுகள். பன்னிரண்டின் முதல் பாதி முடிந்ததும் கவுன்சிலர் 'மிட்-இயர் ரிப்போர்ட்' அனுப்புவார். முன்கூட்டிய சுற்றில் முடிவு தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தாள் புதிதாகப் போய்ச் சேரும் முக்கியமான செய்தி. அனுமதி கிடைத்த பிறகும் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் போகும். கிரேடு அடியோடு சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு, பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கடைசிப் பருவத்தில் புதிதாக எந்தக் கிளப்பிலும் சேர வேண்டாம். சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு மட்டும் நடக்கட்டும், பிள்ளைகள் வந்து காத்திருப்பார்கள்.